பிரவீணா நின்ற இடம்

பெரம்பலூர் மைதானத்தில் நடந்த மண்டல இறுதி ஆட்டத்தில் மழை பிரவீணா வரைக்கும் வந்து, அதற்கு மேல் போக முடியாமல் நின்றுவிட்டது. எதிரணியின் பாதி மைதானம் சேறாகிக் கிடந்தது. நடுக்கோட்டில் தண்ணீர் கணுக்கால் வரை தேங்கியிருந்தது. பிரவீணாவின் நெற்றியிலிருந்து மழைநீர் மூக்கு வழியாகச் சொட்டியது, ஆனால் அவளுடைய பின்னங்கழுத்து காய்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால் இருந்த பெனால்டி கட்டத்தில் புழுதி பறந்தது. அந்தப் புழுதியில் கோல்கீப்பர் இலக்கியா, கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, அரசுத் தேர்வுக்கான பொது அறிவுப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ரெஃப்ரி அதட்டியபோது மட்டும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். மறுநாள் பேப்பரில் ஆட்டம் மழையால் பாதிக்கப்பட்டது என்று போட்டிருந்தார்கள். கோல் போட்ட பெண்ணின் படமும் இருந்தது. மழையைப் பற்றி எழுதியவர்கள் மழை எங்கே நின்றது என்று எழுதவில்லை.

பிரவீணாவின் ஊர் புளியங்கட்டளை. அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் பாதையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு நடுவே இருக்கிற ஊர் என்பதால் அங்கே வேப்பமரம்கூட வெள்ளையாகத்தான் இருக்கும். அப்பா அரியமுத்துவும் அம்மா மலர்க்கொடியும் மக்காச்சோளம் ஒடிக்கவும் பருத்தி எடுக்கவும் குன்னம் பக்கம் போய்விடுவார்கள். அவள் பள்ளிக்கூட மைதானத்தில் வளர்ந்தாள். பெண்களுக்குக் கால்பந்து அணி அமைத்தபோது பெரிய தெருப் பிள்ளைகள் முன்வரிசையை எடுத்துக்கொண்டார்கள். ஓடி ஓடிப் பந்தடிக்கிற இடம் அது. பெற்றோர் வந்து பார்த்தால் கண்ணில் படுகிற இடமும் அதுதான். காலனியிலிருந்து வந்த பிரவீணாவை, பின்னால் நிற்க ஓர் ஆள் வேண்டுமே என்று பின்னால் நிறுத்தினார்கள். நின்றாள். அன்றைக்கு அவளை நோக்கி வந்த முதல் பந்து, பாதி வழியில் வேகம் இழந்து, வீட்டு ஆளை அடையாளம் கண்டுகொண்ட நாய் மாதிரி அவள் காலடியில் வந்து படுத்தது. பந்தில் காற்றில்லை என்று வேறு பந்து கொண்டுவந்தார்கள். அதுவும் படுத்தது. அவளுடைய அணிக்காரிகள் அடித்தால் பந்து போகும்; கோல் போட வருகிறவர்கள் அடித்தால் போகாது. ஒரு மாதத்தில் ஊரில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்குப் பழகவில்லை. மாவட்டப் போட்டிகளில் புகார் மேல் புகார் போனது. ஒருமுறை அவளுடைய பூட்ஸைக் கழற்றி உள்ளே காந்தம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். தோல் பந்தைக் காந்தம் இழுக்குமா என்று கேட்க அங்கே ஆளில்லை. இன்னொரு முறை இரண்டு டீச்சர்கள் அவளைத் தடுப்புக்குப் பின்னால் அழைத்துப் போய், இடுப்பில் தாயத்து ஏதாவது கட்டியிருக்கிறாளா என்று ஜெர்சியைத் தூக்கிச் சோதித்தார்கள். அரைஞாண் கயிறு ஒன்றுதான் இருந்தது. அதையும் அறுக்கச் சொன்னார்கள். அறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து நின்றாள். அப்போதும் எதுவும் தாண்டவில்லை. விதிகளில் இப்படியொன்றுக்குத் தடை இல்லாததால் ஆட விட்டார்கள். மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

பெரம்பலூரில் கோப்பை வாங்கிய வருஷமே இலக்கியா தேர்வில் பாஸாகி அரசு வேலைக்குப் போனாள். போகிற அன்று பிரவீணாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ இல்லன்னா நான் படிச்சே இருக்க மாட்டேன்டி" என்றாள். பிரவீணாவும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்டுப் போய் நின்றாள். எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி சான்றிதழ்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தன கோல் போட்டுருக்க?"

"போடல சார். போட விடல."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் கோப்பைகளைக் கோல் போட்டவர்கள்தானே வாங்கித் தருகிறார்கள் என்று விளக்கமாகச் சொன்னார். அவள் தடுத்த ஆட்டங்களில் கோல் போட்ட அவளுடைய அணிக்காரிகள் இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது. அவளைத் தாண்ட முடியாமல் தோற்றுப்போன எதிரணிக்காரி ஒருத்திக்கும், வேறெங்கோ நிறைய கோல் போட்டிருந்ததால், கிடைத்தது. வீட்டுக்கு வந்த பிரவீணா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். மலர்க்கொடி பக்கத்தில் உட்கார்ந்து, "ஏ புள்ள, வூடு காக்குற நாய்க்கு யாரு பேரு வச்சிக் கூப்புடுறா" என்று ஆறுதலாக ஏதோ சொல்லப்போக, "நான் நாயாம்மா?" என்று அவள் எழுந்து உட்கார்ந்தாள். அந்த ராத்திரி இரண்டு பேரும் தூங்கவில்லை.

பிறகு சென்னையில் ஒரு கிளப் அவளை எடுத்தது. ஆண்கள் அணிக்குப் புகழ் இருந்த கிளப்; பெண்கள் அணியும் வைத்திருந்தால்தான் கால்பந்துச் சங்கத்தில் மரியாதை என்று வைத்திருந்தார்கள். ஆண்கள் விமானத்தில் போனார்கள். பெண்கள் ரயிலில், முன்பதிவு இல்லாத பெட்டியில், கழிவறைப் பக்கம் பையை விரித்து உட்கார்ந்து போனார்கள். விடுதியில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். ஆண்டிமடத்திலிருந்து முந்திரிக்காட்டுக்காரரின் மகள் ஒருத்தி வந்திருந்தாள், மணிப்பூரிலிருந்து ஒருத்தி, கேரளாவிலிருந்து இருவர். பிரவீணா வந்த பிறகு அந்த அணி தோற்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற கோல்கீப்பர்கள் சலித்துப்போய் வேறு கிளப் தேடிப் போனார்கள். ஒருத்தி நின்ற இடத்திலேயே ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டாள். நகரத்துச் சுவர்களில் முன்வரிசை ஆட்டக்காரியின் படம் பெரிதாக ஒட்டப்பட்டது. அதே படத்தின் ஓரத்தில் பிரவீணாவின் முழங்கை இருந்தது. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவள் கைப்பேசியில் அதைக் காட்டியபோது மலர்க்கொடி அந்த முழங்கையைத் தடவிப் பார்த்தாள். வருஷங்கள் போயின. அவளுடைய வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. எதுவும் அவளை மோதிக் காயப்படுத்தவில்லை. நிற்பதே அதைத் தேய்த்தது என்று கிளப் டாக்டர் சொல்லி, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்.

லீக் கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை பயிற்சியாளர் பாலசுந்தரம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், அதட்டிப் பேசத் தெரியாதவர். அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். நாளைக்கு எதிரே ஆடப்போகிற கிளப்பின் சொந்தக்காரர் சங்கத்தில் பெரிய ஆள். நம் கிளப் தலைவருக்குச் சங்கத்தில் ஒரு பதவி வேண்டியிருக்கிறது. கோப்பை அந்தப் பக்கம் போனால் எல்லாருக்கும் நல்லது.

"டிரா ஆனாலே கோப்ப நமக்குத்தான். அதனால ஒரே ஒரு பந்து மட்டும் விட்டுடும்மா."

"அது எப்படி சார் விடுறது?"

"சும்மா ஒதுங்கிக்க. கால் வலின்னு உக்காந்துக்க. யாரு கேக்கப் போறா."

"என்னை வெளிய உக்கார வச்சிட்டு ஆடுங்களேன்."

"நீ இல்லாம தோத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு தலைவர் சொல்றாரு. நீ நின்னு தோக்கணும்." அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "இல்லன்னா டீமையே கலைச்சிடுவேன்றாரு. இந்தப் பொண்ணுங்கல்லாம் வூட்டுக்குப் போகணும்."

பிரவீணா அறைக்குப் போய் அந்தப் பெண்களைப் பார்த்தாள். ஆண்டிமடத்துப் பெண் ஜெர்சியை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனால் அவளுக்குக் கல்யாணம் தயாராக இருந்தது. மறுநாள் ஆட்டத்தில் பிரவீணா ஒதுங்கினாள். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் ஒதுங்கினாள். எதிரணிக்காரி பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தபோது முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள், குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினாள், கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது பந்து அவளுக்குப் பக்கத்தில், பெனால்டி கோட்டில் படுத்திருந்தது. எதிரணிக்காரி உதைத்தாள். பந்து அசையவில்லை. ஓடி வந்து உதைத்தாள். பூட்ஸ் கிழிந்தது. "ப்ளீஸ்க்கா, விடுங்களேன்" என்று அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அவளுக்கும் யாரோ ஏதோ சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். அந்த நிமிஷத்தில் பிரவீணாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பந்துக்கு இருக்கிற ரோஷம்கூட எனக்கு இல்லையா என்று நினைத்தாள். நிமிர்ந்து நேராக நின்றாள். அதன்பின் ஆட்டம் முடிகிற வரை அந்தப் பாதியில் ஒரு தட்டாம்பூச்சிகூட வரவில்லை.

கோப்பை வந்தது. வந்த வாரமே தலைவர் பெண்கள் அணியைக் கலைத்தார். பிரவீணாவின் ஒழுங்கீனமும் முழங்காலும்தான் காரணம் என்று பேட்டி கொடுத்தார். அவருக்குப் பதவியும் கிடைத்தது. அதற்கு வேறு வழி கண்டுபிடித்துவிட்டார். அறையைக் காலி செய்த அன்று சில பெண்கள் அவளோடு பேசவில்லை. ஆண்டிமடத்துப் பெண் மட்டும் எழும்பூர் வரைக்கும் கூட வந்து, பிளாட்பாரத்தில் நின்று, "நீங்க விட்டுருந்தாலும் கலைச்சிருப்பாங்கக்கா" என்றாள். அது உண்மைதான் என்று பிரவீணாவுக்குத் தெரியும். தெரிந்தும் அரியலூர் வரும் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. அங்கேயும் நாள் முழுக்க நிற்க வேண்டும். அவள் இல்லாத வருஷங்களில் புளியங்கட்டளையில் ஒன்று நடந்திருந்தது. பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றின் சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்பு பெரிய தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தன. சுவர்கள் விரிசல் விடுகின்றன என்று ஊராட்சி முன்னாள் தலைவர் காசிநாதன் தெருமுனையில் இரும்புக் குறுக்குக்கம்பி போட்டார். லாரிகள் காலனித் தெருவுக்குத் திரும்பின. காலனி வீடுகளுக்குச் சுவர் இல்லையா என்று ஆலையும் கேட்கவில்லை, அதிகாரிகளும் கேட்கவில்லை. தெரு அகலமும் லாரி அகலமும் ஒன்று. லாரி வரும்போது ஜனங்கள் வாசற்படியில் ஏறி வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள். மனு கொடுத்தார்கள். சுற்றுப்பாதை போட வழியே இல்லை என்று பதில் வந்தது. பிள்ளைகள் வெள்ளையாக இருமினார்கள்.

வெங்காயம் மூட்டை மூட்டையாக அழுகிப்போன அந்தக் கார்த்திகையில், பைப்படியில் குடம் வைத்துக்கொண்டிருந்த பாப்பாத்தியை லாரி அடித்துவிட்டது. மாவு அரைத்து விற்றுப் பிழைத்தவள். பிரவீணா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்குப் போகும் வழியில் கூப்பிட்டுத் தோசை கொடுத்தவள். பைப் தெருவில் இருந்தது, ஏனென்றால் வேறு இடத்தில் பைப் போட யாரும் சம்மதிக்கவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள், அந்தம்மா ரோட்டுக்குக் குறுக்கே வந்துவிட்டார் என்று சொன்னார்கள். அவள் பிறந்து வளர்ந்து நின்ற இடத்துக்குக் குறுக்கே வந்தது லாரி. அதை எங்கும் யாரும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து ஜனங்கள் திரும்பி வருகிறபோதே லாரி வந்தது. ஓரமாக நின்று வழிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் பிரவீணா நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு காலனித் தெருமுனைக்குப் போய் நின்றாள். யாரிடமும் சொல்லவில்லை. முதல் லாரி வந்தது, மெதுவானது, நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். கியரை மாற்றி மிதித்தார். சக்கரங்கள் சுற்றின, புகை வந்தது, லாரி இருந்த இடத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் வந்த பால்காரர் மொபெட்டில், தெருமுனை அகலமாக இருந்ததால் லாரியை ஒதுக்கிக்கொண்டு, அவளைக் கடந்து போனார். மினி பஸ் போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். லாரி மட்டும் நின்றது. அதற்குப் பின்னால் லாரிகள் சேர்ந்து சேர்ந்து சுரங்கத்தின் வாய்வரைக்கும் வரிசை நீண்டது.

டிரைவர் இறங்கி வந்தார். "என்னாம்மா பண்ணுற?" என்று கேட்டார்.

"நிக்கிறங்க."

அவர் அவளைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், நிழலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியபோது காசிநாதன் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை.

"இந்தா புள்ள, ரோடு என்ன உங்கப்பன் வூட்டுதா?"

"இல்லிங்க. உங்க தெருவும் உங்கப்பா வூட்டுது இல்லிங்களே."

அந்த ஊரில் அதுவரை அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அரியமுத்து தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மலர்க்கொடி சொம்பில் நீராகாரம் கொண்டுவந்து, காசிநாதனைத் தாண்டிப் போய், மகளிடம் கொடுத்தாள். "குடி. நல்லா நில்லு" என்றாள்.

ஆலைக்காரர்கள் சுண்ணாம்புக்கல் மேல் சின்ன வெங்காயத்தைப் பரப்பி ஒரு லாரி அனுப்பினார்கள். நிஜமாகவே வெங்காயம் ஏற்றி வந்த குன்னத்து லாரி போனது. கல்லை மறைத்து வந்த லாரி போகவில்லை. கிரேன் கொண்டுவந்தார்கள், கிரேனும் நின்றது. யாகம் செய்ய வந்தவர்களின் கார் போனது, யாகத்தில் பலன் இல்லை. கடைசியில் பெண் போலீஸார் வயல் வழியாகச் சுற்றி வந்து, பின்னாலிருந்து அவளைத் தூக்கினார்கள். பின்னாலிருந்து வருகிறவர்களை அவள் எப்போதும் தன் அணிக்காரிகள் என்றுதான் நினைத்திருந்தாள். லேசாகத் தூக்க முடிந்தது. வேனில் ஏற்றும்போது முழங்கால் கதவில் இடித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. இன்ஸ்பெக்டர் லாரிகளுக்குக் கையைக் காட்டினார். லாரிகள் புறப்பட்டு, அவள் நின்ற இடம் வரைக்கும் வந்து, நின்றன.

ஆள் இல்லாத இடத்தை எந்தச் சட்டத்தில் கைது செய்வது என்று தெரியாமல் மாலையில் அவளை விட்டுவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டாள். மறுநாள் கடைக்கு வேலைக்குப் போனாள். அதன்பின் அவள் அங்கே போய் நிற்கத் தேவைப்படவில்லை.

ஆலை பெரிய தெருக் கம்பியை எடுக்க உத்தரவு வாங்கியது. லாரிகள் பெரிய தெருவில் ஓட ஆரம்பித்த வாரத்தில் காசிநாதன் காலனிக்குள் வந்தார். அவர் அந்தத் தெருவில் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. குடையை மடக்கி வைத்துக்கொண்டு, "எங்க தெரு முக்குலயும் கொஞ்சம் வந்து நில்லும்மா" என்றார்.

"பாப்பாத்தியக்கா செத்தன்னிக்கு வந்தீங்களா?"

பிரவீணாவுக்கு ஆத்திரம் வந்தது. போய்விடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். பெரிய தெருவிலும் பைப்படி இருக்கிறது, அங்கேயும் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள் என்பது ஞாபகம் வந்தது. "நான் நிக்க மாட்டன். திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுக்கு நாங்க எல்லாரும் போறம். நீங்களும் வாங்க. எங்ககூட தரையில ஒக்காரணும்" என்றாள். வந்தார். அரியமுத்துவுக்குப் பக்கத்தில், வெறும் தரையில், வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தார். வழியே இல்லை என்று சொல்லப்பட்ட சுற்றுப்பாதை, பெரிய தெருக்காரரும் சேர்ந்து கேட்டபோது, ஆலையின் சொந்த நிலத்திலேயே கிடைத்தது. அறுவடைக்குள் போட்டு முடித்துவிட்டார்கள். அத்தனை வருஷமும் அது அங்கேயேதான் இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் பிரவீணாவுக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை. பாப்பாத்திக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

கிளப்பின் பழைய ஆட்டக்காரிகளைப் பற்றி எழுத ஒரு நிருபர் ஜவுளிக்கடைக்கு வந்தார். ஆட்டத்தை எப்போது விட்டீர்கள் என்று கேட்டார். புடவை மடித்துக்கொண்டிருந்த பிரவீணா, "விட்டன்னு யாரு சொன்னா?" என்றாள். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

லாரிகள் நின்ற இடத்தில் ஜனங்கள் மினி பஸ்ஸுக்குக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். முதலில் டிரைவர்கள் அந்த இடத்துக்கு அவள் பெயரைச் சொன்னார்கள், பிறகு கண்டக்டர்கள். இப்போது டிக்கெட் மெஷினிலேயே ஏற்றிவிட்டார்கள். போன வாரம் அந்த வழிக்குப் புதிதாக வந்த கண்டக்டர் ஒருவர், கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது முழங்காலைத் தேய்த்தபடி நின்ற பெண்ணிடம், "எங்கம்மா ஏறுன?" என்று கேட்டார்.

"பிரவீணா. ஜெயங்கொண்டம் ஒண்ணு குடுங்க."

அவர் பட்டனை அழுத்திக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளிடம் போனார்.